பால்மா வாங்க வந்த மாமா

அவர் ஆப்பிரிக்காவிலிருந்து ஓக்லாந்துக்குப் பால்மா வாங்க வந்தவர். பால் என்ற சொல்லை மட்டும் சொல்லமாட்டார். அவருக்குப் பதிலாக அந்தச் சொல்லைச் சொல்வதற்குத்தான் என்னை வேலைக்கு எடுத்தார். தட்டச்சு, கோப்பு, தொலைபேசி எல்லாம் பிறகு சேர்ந்துகொண்டவை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு. நாங்கள் நியூசிலாந்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஹில்ஸ்பரோவில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். யாழ்ப்பாணத்தில் நில அளவையாளராக இருந்த என் கணவர் பெற்றோல் நிலையத்தில் வேலைக்கு நின்றார். நான் பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டினேன். பத்திரிகையில் மூன்று வரி விளம்பரம் பார்த்து, ஒனஹங்காவில் திரைச்சீலைக் கடை ஒன்றுக்கு மேலே இருந்த அறைக்குப் போனேன்.

மேசைக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெரிய உருவம். நெற்றிவரை மூடிக் கட்டிய தலைத்துணி, இடுப்பைச் சுற்றி ஒரு சால்வை, கீழே பார்த்தால் விலை உயர்ந்த தோல் சப்பாத்து. என் சான்றிதழ்களை வாங்கி, திறக்காமலே மேசையில் வைத்தார்.

"கலியாணம் கட்டின பிள்ளையோ?"

"ஓம்."

"புருசனை என்னெண்டு கூப்பிடுவாய்?"

அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு என் தலைக்குள் அவர் யாழ்ப்பாணத்துக்காரியாகத்தான் கதைக்கிறார். அப்படியே எழுதிவிடுகிறேன்.

இஞ்சேருங்கோ என்று கூப்பிடுவேன் என்றேன். அது அவருடைய பெயரா என்று கேட்டார். இல்லை, இங்கே பாருங்கள் என்று அர்த்தம் என்றேன். பெயரைச் சொல்வதில்லையா? படிவத்தில் எழுதுவேன், வாயால் கூப்பிடுவதில்லை. ஏன்? யோசித்துப் பார்த்தேன். தெரியாது என்றேன்.

"கேட்டன்," என்றார். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

'கேட்டேன்', அதாவது காதில் விழுந்தது, என்பது அவருடைய சொல். ஓம், இல்லை, பார்ப்போம், நீ பேசியது போதும் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். அவருடைய மொழியில் அப்படித்தான் பதில் சொல்வார்களாம். ஓக்லாந்து வியாபாரிகளுக்கு அது தெரியாது. அவர் கேட்டேன் என்றதை ஒப்பந்தம் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு கை கொடுத்துவிட்டுப் போய், அடுத்த வாரம் வந்து நின்ற பலரை எனக்குத் தெரியும்.

அவரை எப்படிக் கூப்பிடுவது என்று முதல் நாளே கேட்டேன். தங்கள் ஊரில் தாய் வயதுப் பெண்களை மாமா என்பார்கள், நீயும் அப்படியே கூப்பிடு என்றார். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர் தேத்தண்ணீரைக் கீழே வைத்தார்.

"பொம்பிளையை மாமா எண்டு கூப்பிட்டுச் சம்பளம் வாங்கிற ஆள் உலகத்திலை நீர் ஒராள்தான்."

அவருடைய நாட்டுக்காரர் யாராவது வந்தால் அவர் பிறந்த குலத்தின் பெயரால் கூப்பிடுவார்கள். கலியாணம் கட்டினாலும் அந்தப் பெயர் மாறாதாம். அதை இங்கே எழுதவில்லை. எழுதினால் அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இன்னார் என்று தெரிந்துவிடும்.

அவர்கள் தென்னாப்பிரிக்காவின் கோசா மக்கள். கோசா என்று எழுதுகிறேனே தவிர அது சரியில்லை. முதல் எழுத்தை நாக்கைக் கன்னத்துப் பக்கம் ஒட்டிச் சொடுக்கி எழுப்ப வேண்டும். எங்கள் ஊரில் வண்டில்காரர் மாட்டை முடுக்க எழுப்பும் ஒலி அது. நான் ஒரு மாதம் பழகினேன். "நீ எங்களைச் சொல்லேல்லை, மாட்டைத்தான் கலைக்கிறாய்," என்றார். சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் கண்டது குறைவு.

சொல்லாத சொல்லின் கதை இதுதான். அவர்களில் கலியாணம் கட்டிய பெண், மாமனாரின் பெயரைச் சொல்லக்கூடாது. பெயரை மட்டுமல்ல, அந்தப் பெயரில் உள்ள ஒலி வருகிற எந்தச் சொல்லையும் சொல்லக்கூடாது. அதற்காகப் பெண்களிடம் வேறு சொற்கள் இருக்கின்றன. ஒரே வீட்டில் ஆண்கள் தண்ணீரை ஒன்று சொல்ல, பெண்கள் வேறொன்று சொல்வார்களாம். இவருடைய மாமனாரின் பெயர் 'மில்' என்ற ஒலியில் தொடங்குவது. கொம்பனிப் பதிவுப் பத்திரத்தில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். மற்றப் பெண்கள் தங்கள் மொழியில் மட்டும் ஒதுக்கினார்கள். இவர் ஆங்கிலத்திலும் ஒதுக்கினார்.

"ரெண்டுக்கும் ஒரு வாய்தானே," என்றார்.

ஆகவே மில்க் இல்லை. அதற்கு 'வெள்ளை' என்பார். மில்லியன் இல்லை. ஃபமிலி இல்லை, 'வீட்டாக்கள்' என்பார். ஓக்லாந்திலிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரத்தில் ஹமில்டன் என்ற பட்டணம். பால் தொழிற்சாலைகள் எல்லாம் அந்தப் பக்கம். மாதம் இரண்டு தடவை போவோம். மூன்று வருடமும் அந்த ஊரை 'ஆத்தங்கரை' என்றுதான் சொன்னார். எழுதுவதற்குத் தடை இல்லை. எழுதித் தந்துவிடுவார். "கை வேறை, வாய் வேறை."

பால்மா ஏற்றுமதி அலுவலகத்தின் விற்பனை மேலாளர் வெள்ளைக்காரர், கலகலப்பான ஆள். முதல் கூட்டத்தில் மாமா ஒன்றரை மணி நேரம் இருந்தார். கொழுப்பு நீக்கியதா நீக்காததா, மூட்டை எத்தனை கிலோ, கப்பலில் ஈரம் பிடித்தால் யார் பொறுப்பு என்று எல்லாம் பேசினார். பொருளின் பெயர் வர வேண்டிய இடங்களில் நிறுத்தி என்னைப் பார்ப்பார். நான் 'மில்க்' என்பேன். அவர் தொடர்வார். பத்துப் பன்னிரண்டு தடவை ஆனபின் மேலாளர் என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

என்னைத் தனியாகப் பிடித்துக் கேட்டார், உங்கள் முதலாளி ஏன் சரக்கின் பெயரையே சொல்வதில்லை? அவருக்கு நாங்கள் முக்கியம் இல்லை என்று காட்டவா? ஒஸ்ரேலியாக்காரரோடும் பேசுகிறாரா?

இது குடும்ப விஷயம் என்றேன். அவர் நம்பவில்லை. அடுத்த வாரமே நிபந்தனைகளைத் தளர்த்தி எழுதி அனுப்பினார். இந்தச் செய்தியை மாமாவிடம் சொன்னபோது கேட்டேன் என்றார்.

அவர் எவ்வளவு பெரிய பணக்காரி என்பது எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியவந்தது. உம்டாட்டா என்ற பட்டணத்தைச் சுற்றிப் பதினொரு கடைகள், ஒரு பேக்கரி, அந்த மலைக் கிராமங்களுக்கெல்லாம் ஓடும் பஸ்கள். அவராகச் சொன்னதில்லை. 'எங்கட பஸ்' என்று ஒருநாள் வாய் தவறி வந்தது. எத்தனை என்று கேட்டேன். காலமையில் எண்ணுவதா பின்னேரம் எண்ணுவதா என்று கேட்டார். பக்குரங்காவில் ஆறு அறை வீட்டை எடுத்துத் தனியாக இருந்தார். அங்கே அவரைக் கவர்ந்தது புல்தரை மட்டும்தான். யன்னலில் நின்று பார்த்துவிட்டு, "இவ்வளவு புல்லும் வெட்டி எறியிறாங்கள்," என்பார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் சனிக்கிழமைகளில் புல் வெட்டும்போது அவர் முகம் கடுகடுவென்று இருக்கும்.

ஒரு தடவை ஆற்றங்கரைக்குப் போகும் வழியில் ஏற்றுமதி அலுவலகத்தார் எங்களை ஒரு பால் பண்ணைக்குக் கூட்டிப் போனார்கள். மாமா அந்தத் தோல் சப்பாத்தோடு சேற்றில் இறங்கி மாடுகளுக்கு நடுவே நடந்தார். ஒவ்வொன்றாகத் தொட்டு ஒரு சொல் சொன்னார். ஒன்றுக்குச் சொன்னது இன்னொன்றுக்கு இல்லை. மாட்டின் நிறத்துக்கும் புள்ளிக்கும் கொம்பின் வளைவுக்கும் தனித்தனிச் சொல்லாம். பண்ணைக்காரர் தன் மாடுகளுக்குக் காதில் இலக்கம் குத்தியிருந்தார். மாமா அந்த இலக்கத்தைப் பார்த்துவிட்டு, அந்த மனிதரைப் பார்த்துவிட்டு, அடுத்த மாட்டுக்குப் போனார்.

பண்ணைக்காரரின் மனைவி இரண்டு குவளை பால் கொண்டுவந்தார். மாமா வாங்கவில்லை. அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. நான் இரண்டையும் குடித்தேன்.

காரில் கேட்டேன். "வயித்துக்கு ஒத்துக்கொள்ளாதோ மாமா?"

"அது அவையின்ரை வெள்ளை. எங்கடை ஆக்கள் முந்தி மற்ற வீட்டிலை குடிக்கிறேல்லை. ஒரே மாட்டிலை குடிச்சவை எண்டால் ஒரே வீட்டாக்கள். அவைக்குள்ளை கலியாணம் செய்யேலாது."

"நீங்கள் மூட்டை மூட்டையாய் எல்லாருக்கும் விக்கிறியள்."

"விக்கிறன்," என்றார். கொஞ்ச தூரம் போனபின், "அதுதான் மாவாய் விக்கிறன்," என்றார்.

அன்றுதான் மாடுகளின் கதையையும் சொன்னார். முப்பாட்டன் காலத்தில் மாடுகளுக்கு ஒரு நுரையீரல் வியாதி வந்தது. வெள்ளைக்காரன் நிலத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான். அந்த நேரத்தில் ஒரு சிறு பெண், ஆற்றில் முன்னோரைக் கண்டதாகச் சொன்னாள். இருக்கிற மாடுகளையெல்லாம் கொல்லுங்கள், தானியத்தை அழியுங்கள், செத்தவர்கள் எழுந்து புது மாடுகளோடு வருவார்கள், வெள்ளைக்காரன் கடலுக்குள் போய்விடுவான். சனம் கொன்றது. யாரும் எழுந்து வரவில்லை. பட்டினியில் ஆயிரமாயிரமாகச் செத்தார்கள். மிஞ்சியவர்கள் வெள்ளைக்காரனிடமே கூலிக்குப் போனார்கள்.

"கொல்லாத ஆக்களும் இருந்தவை," என்றார். "அவையை இறுகின ஆக்கள் எண்டு சொல்லுவம். என்னைப் பெத்த பக்கம் முழுக்க மாடுகளைக் கொன்றது. புருசன்ரை பக்கம் ஒரு மாடும் கொல்லேல்லை. அயலுக்குள்ளை எல்லாரும் செத்துக்கொண்டிருக்க அவை மாடு வைச்சிருந்தவை. அதுக்குப் பிறகு அவை எப்பவும் பணக்காரர்."

மாமனார் அந்த இறுகிய வீட்டின் பேரன். அந்தப் பகுதியைத் தனி நாடு என்று நிறவெறி அரசு பெயர் வைத்தபோது வெள்ளைக்காரக் கடைக்காரர் விட்டுப் போனார்கள். கடைகளை மாமனார் எடுத்தார். எப்படி எடுத்தார் என்று கேட்டேன்.

"அதைக் கேக்காதை. அங்கையும் ஒருத்தரும் கேக்கிறேல்லை."

"நல்ல மனுசனோ?"

"இல்லை."

மாமா கலியாணத்துக்கு முன் ஆசிரியையாக இருந்தவர். மருமகளாய்ப் போன முதல் வாரமே மாமனார் அவருடைய புத்தகங்களை அடுப்புக்குக் கொடுத்தார். இரண்டு வருடம் தலையில் தண்ணீர் சுமக்க வைத்தார். மருமகள் போகக்கூடாத முன்பக்கத்தால் நடந்ததற்காக ஒருநாள் சாப்பாடு இல்லை என்றார். மூன்று மகன்கள் இருக்க, சாகும்போது கடைகளை இந்த மருமகளின் கையில் கொடுத்தார்.

"ஏன் உங்களிட்டை?"

"அவருக்குப் பயந்தது நான் மட்டும்தான்."

"இப்ப அவரில்லை. புருசனுமில்லை. இஞ்சை பேரைச் சொன்னால் ஆருக்குத் தெரியும்?"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வீதியைப் பார்த்து ஓட்டினேன். 

இன்னொரு விஷயம் எனக்கு விளங்க ஒரு வருடம் பிடித்தது. வருகிறவர்களுக்கு என்னை அறிமுகப்படுத்தும்போது, "இலங்கையிலை வடக்குப் பக்கத்துப் பிள்ளை," என்பார். சிலர் சிங்களமா என்று கேட்பார்கள். "இல்லை, மற்ற ஆக்கள்," என்பார். என் கணவருக்கு இது பிடிக்கவில்லை.

"நீர் தமிழ் எண்டு சொல்லேல்லையோ? சொல்ல வெக்கமோ?"

"சொன்னனான். அவவுக்குத்தான் சொல்லேலாது."

"ஏன்?"

"இங்கிலீசிலை சொல்லிப் பாருங்கோ."

அவர் 'டமில்' என்று சொன்னார். கடைசி எழுத்தில் நிறுத்தி, பேப்பரை எடுத்துக்கொண்டு மற்ற அறைக்குப் போனார்.

தொண்ணூற்றைந்து கடைசியில் ஆமி முன்னேறி வர, யாழ்ப்பாணச் சனம் முழுக்க ஊரைவிட்டு வெளிக்கிட்டது. அப்பாவும் வெளிக்கிட்டார். கிளிநொச்சியில் யாரோ ஒருவருடைய மாமரத்துக்குக் கீழே கிடந்து செத்தார். செய்தி கொழும்பிலிருந்து அலுவலகத் தொலைபேசிக்கு, காலை பத்து மணிக்கு வந்தது. நானும் தம்பியும்தான் பிள்ளைகள். நான் இங்கே, தம்பி இங்கே வர வழி பார்த்துப் பாங்கொக்கில் ஒரு அறையில். கொள்ளி வைத்தது யார் என்றே தெரியவில்லை. மாமா கதவைப் பூட்டினார். தன் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார்.  தொலைபேசி அடித்தபோதும் எழும்பவில்லை. மூன்று மணிக்குச் சால்வையைக் கழற்றி என்னைச் சுற்றிவிட்டு, தானே காரை ஓட்டி ஹில்ஸ்பரோவில் இறக்கினார். அவர் காரோட்டுவார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

அடுத்த வருடம் தம்பி வந்து சேர்ந்தான். அகதி விண்ணப்பம் முதல் தடவை தள்ளுபடி. மேன்முறையீடு போட்டோம். அதுவும் தவறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவனுக்கு இருபத்துநாலு வயது. அந்த வயதில் கொழும்பு விமான நிலையத்தில் இறங்குகிற வடக்குப் பெடியன்கள் அதற்கப்பால் எங்கே போனார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததில்லை. எங்களுக்குத் தெரியும்.

குடும்பத்துக்கு வெளியே ஒரு சாட்சி இருந்தால் நல்லது என்றார் வழக்கறிஞர். அப்பாவின் சாவுச் செய்தி வந்தபோது பக்கத்தில் இருந்தவர், மதிப்பான வியாபாரி, உங்கள் முதலாளி வருவாரா?

கேட்டேன். "கேட்டன்," என்றார் மாமா. அது என்ன பதில் என்று விளங்காமல் ஒரு வாரம் இருந்தேன். விசாரணை நாளன்று எனக்கு முதலே போய் வாசலில் நின்றார்.

சிறிய அறை. நீளமான மேசை, நடுவில் ஒலிப்பதிவுக் கருவி. விசாரித்தவர் கண்ணாடி போட்ட, பொறுமையான மனிதர். எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டார். தொலைபேசி எத்தனை மணிக்கு வந்தது, யார் எடுத்தது, என்ன சொன்னார்கள். மாமா ஒவ்வொன்றுக்கும் நேராகப் பதில் சொன்னார். நான் அவருக்குப் பின்னால், வழக்கறிஞருக்குப் பக்கத்தில் இருந்தேன். நான் வாய் திறக்கக்கூடாது என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார்.

"இந்தக் குடும்பம் எந்த இனத்தைச் சேர்ந்தது என்று அறிந்திருக்கிறீர்கள்?"

"தீவின்ரை வடக்குப் பக்கத்து ஆக்கள்."

"அவர்களை என்ன பெயரால் அழைப்பார்கள்?"

மாமா வழக்கம்போல நிறுத்தினார். திரும்பி என்னைப் பார்த்தார். என் கை தானாக உயர்ந்தது. வழக்கறிஞர் அதைப் பிடித்து என் மடியில் இறக்கினார்.

"எழுதித் தரலாமோ?" என்று மாமா கேட்டார்.

"மன்னிக்கவும். பதிவில் உங்கள் குரல் இருக்க வேண்டும்."

ஒலிநாடா சுற்றுகிற சத்தம் கேட்டது. தம்பி என்னைப் பார்த்தான். இந்தப் பெண் எங்களைத் தெரியாதென்று சொல்லப் போகிறார் என்று அவன் நினைத்தது அவன் முகத்தில் தெரிந்தது. மாமா தலைத்துணியின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு கைகளையும் மேசையில் விரித்து வைத்தார்.

"டமில்," என்றார்.

மெதுவாகத்தான் வந்தது. விசாரித்தவர் கருவியை அவர் பக்கம் நகர்த்தினார். "மன்னிக்க வேண்டும். பதிவில் விழுந்ததோ தெரியவில்லை. இன்னொரு தடவை?"

"டமில்."

"நன்றி."

மிச்சக் கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிட்டு எழுந்தார். வெளியே வந்ததும் தண்ணீர் கேட்டார். எதிரே இருந்த, டெய்ரி என்று இங்கே சொல்கிற மூலைக் கடையில் ஒரு போத்தல் வாங்கிக் கொடுத்தேன். வீதியோரத்தில் குனிந்து, போத்தல் முடியும்வரை வாயைக் கொப்பளித்துத் துப்பினார். ஆட்கள் ஒதுங்கிப் போனார்கள். நான் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று தொடங்கினேன்.

"நீ ஒண்டும் செய்யேல்லை. வாய் என்ரை."

தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏனக்கா அந்த மனுசி ஒரு சொல்லுக்கு இவ்வளவு நேரம் எடுத்தது?" என்று வீட்டில் கேட்டான். சொன்னேன். சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் மாமா ஊருக்குப் போனார். அவர்களுடைய முறை இதுதான்: இப்படிச் சொல்லிவிட்ட மருமகள், தான் பிறந்த வீட்டுக்குப் போய் ஒரு மாடு கொண்டுவந்து புகுந்த வீட்டில் கொடுக்க வேண்டும். அது அவர் தலைமுறையிலேயே யாரும் செய்யாத பழைய வழக்கம். யாருக்கும் தெரியாதே, ஏன் நீங்களாகப் போய்ச் சொல்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு தடவை அப்படிக் கேட்டு வாங்கியது போதும்.

என் கணவர் மட்டும் கேட்டார். "ஒரு சொல்லுக்கு ஒரு மாடோ?"

"ரெண்டு தரம் சொன்னவ."

"அப்ப ரெண்டு மாடோ?" உண்மையாகத்தான் கேட்டார்.

மாமா இல்லாத ஆறு வாரத்துக்குள் தீர்ப்பு வந்தது. தம்பிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. வீட்டில் எல்லோரும் அழுது முடிந்தபின் நான் தாள்களை முதலிலிருந்து வாசித்தேன். ஏழாம் பக்கத்தில் இருந்தது: விண்ணப்பதாரர் தமிழர் என்பது தொடக்கத்திலிருந்தே ஏற்றுக்கொள்ளப்பட்ட விஷயம், அது பற்றி எந்தக் கேள்வியும் எழவில்லை. அவனுடைய சொந்த வாக்குமூலமே போதுமானது, ஆகவே சாட்சி சொன்னதை ஆராய வேண்டிய தேவை ஏற்படவில்லை. மாமாவைப் பற்றி இருந்தது அந்த அரை வரிதான். இரண்டு தடவை வாசித்தேன். மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

தம்பிக்கு மாமா தன் களஞ்சியத்தில் வேலை வைத்திருந்தார். பதினைந்து நாள் போனான். மூட்டை தூக்க ஏலாது என்று நின்றுவிட்டான். இப்போது ஓக்லாந்துக்குத் தெற்கே தகனினியில் வீடு கட்டிக் குடும்பத்தோடு இருக்கிறான். பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வார்கள். மாமா அடுத்த வருடம் ஓக்லாந்து அலுவலகத்தை மூடிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு இரண்டு நத்தார் வாழ்த்து மட்டைகள் வந்தன. பிறகு இல்லை.

ஊரிலிருந்து அவர் திரும்பி வந்த காலை நினைவிருக்கிறது. வழக்கமான நேரத்துக்கு வந்து, சால்வையைச் சரிசெய்து இருந்தார். மெலிந்திருந்தார்.

"தம்பிக்கு?"

"கிடைச்சிட்டுது மாமா."

"கேட்டன்."

கைப்பை என் மடியில் இருந்தது. ஏழாம் பக்கத்தை எடுத்துக் காட்ட வேண்டும் என்று வரும் வழியெல்லாம் நினைத்திருந்தேன். எடுக்கவில்லை. மாடு எப்படி என்று கேட்டேன்.

"என்ரை தம்பியாக்களிட்டை மாடில்லை. நான்தான் வாங்கினனான். வாங்கி, என்ரை லொறியிலை ஏத்தி, நான் பிறந்த ஊருக்கு அனுப்பினனான். பிறகு அவங்கள் அங்கையிருந்து நடத்திக்கொண்டு வந்தவங்கள். ரெண்டு நாள் நடை. கறுப்பிலை வெள்ளை வயிறு. நல்ல மாடு."

"புகுந்த வீட்டாக்கள் என்ன சொன்னவை?"

"இளம் ஆக்கள் சிரிச்சவை. இப்ப ஆர் உதெல்லாம் பாக்கினம் எண்டு. என்ரை மகன்ரை பெண்சாதி எனக்கு நேரை நிண்டு அந்தப் பேரைச் சொன்னவள். சொல்லட்டும்." கொஞ்சம் நிறுத்தினார். "கிழவர் ரெண்டுபேர் சிரிக்கேல்லை. அது காணும்."

மாட்டுப்பட்டிக்குள் பெண்கள் போகக்கூடாதாம். அவர் வேலிக்கு வெளியே நின்றார். கணவரின் மூத்த சகோதரர், எண்பது வயதுக் கிழவர், பட்டிக்குள் நின்று முன்னோருக்கு நடந்ததைச் சொன்னார். என்ன சொல் சொல்லப்பட்டது, எங்கே, எதற்காக. யாருக்காக என்றும் சொல்ல வேண்டும்.

"உன்ரை தம்பியின்ரை பேரைச் சொன்னவர். அது மட்டும் காணாது. தகப்பன் பேரில்லாமல் ஒருத்தனை அங்கை சொல்லேலாது. அவன்ரை கடதாசியிலை பாத்து எழுதிக்கொண்டு போனனான். கிழவருக்கு நான்தான் சொல்லிக் குடுத்தது. நடுவிலை உங்கடை ஒரு எழுத்து, அது அவருக்கு வரேல்லை. அதிலை எங்கடை சொடுக்கைப் போட்டுச் சத்தமாய்ச் சொன்னவர். மலைக்கு அங்காலும் கேட்டிருக்கும்."

அப்பாவின் பெயர் ஆழ்வாப்பிள்ளை. அவர் எப்படிச் சொன்னார் என்று கேட்டேன்.

மாமா கதிரையில் நிமிர்ந்து, கிழவரின் குரலில் சொன்னார். ழகரம் இருக்க வேண்டிய இடத்தில் நாக்கு கன்னத்தோடு ஒட்டிச் சொடுக்கியது.

இன்னொருக்கால் சொல்லுங்கோ என்றேன். சொன்னார்.